மைனருக்குக் கால் ஒடிந்த அறுவடை

பூவனாங்குடி கால்நடை மருந்தகத்தில் காளியம்மாளுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை கூட்டுவது, கழுவுவது, தண்ணீர் எடுத்து வைப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளாக எடுத்துக்கொண்டது. கம்பவுண்டர் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருஷமாகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு நாள் ஊசி போடக் கொண்டுவந்த காளை டாக்டரைச் சுவரோடு சாத்தியபோது, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள். அன்றிலிருந்து பிடிக்கிற வேலையும் அவளுடையதாகிவிட்டது.

வயது முப்பத்தெட்டு. ஆள் குட்டை, தோள் அகலம். நெற்கட்டு தூக்கித் தூக்கி வந்த தோள். வாய் ஓயாது. எந்தப் பிராணியைப் பிடித்தாலும் அதோடு பேசிக்கொண்டேதான் பிடிப்பாள். "என்ன மாப்பிள்ளே, சீர் பத்தலைன்னு கோவமா?" என்று காளையிடம் கேட்பாள். "உன் பிள்ளைய நான் என்ன தூக்கிக்கிட்டா போயிடப் போறேன்?" என்று ஈன்ற பசுவிடம் சொல்வாள். அதுகளும் என்னவோ புரிந்த மாதிரி நிற்கும்.

அவள் புருஷன் வீரையன், தெற்குத்தெரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர். ஒல்லியான மனுஷன், குரல் மட்டும் மைக் இல்லாமலே வெண்ணாற்றங்கரை வரைக்கும் போகும். கழகம் ஆட்சிக்கு வந்து, அதிலிருந்து பிரிந்த கழகமும் ஆட்சிக்கு வந்து, நில உச்சவரம்பு, குடியிருப்பு மனைப் பட்டா என்று சட்டம் மேல் சட்டம் வந்திருந்தது. ஆனாலும் அறுவடைக் கூலியை ஒவ்வொரு தை மாசமும் புதிதாகச் சண்டை போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷத் தை மாசம் சண்டை கொஞ்சம் முற்றிப் போயிற்று. எதிர்ப்பக்கம் நின்றது பண்ணை வீட்டு பிரகதாம்பாள் ஆச்சி. அறுபது வயது விதவை. ஒரே மகன் மெட்ராஸில் வேலை. பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரு நாயும்தான். நாய்க்குப் பெயர் மைனர். ராஜபாளையத்துக் கலப்பு, வெள்ளை வெளேரென்று நெட்டைக் கால். நடை, ஜரிகை வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளின் நடை. ஆச்சியின் காலமான வீட்டுக்காரர், குட்டியாக இருக்கும்போதே அதைப் பார்த்து வைத்த பெயர்.

அந்தப் பெயரால் தெற்குத்தெருவில் ஒரு வதந்தி உலவியது. யாரோ தாலுகா ஆபீஸில் பதிவேட்டை எட்டிப் பார்த்தபோது, "மைனர், கார்டியன் பிரகதாம்பாள்" என்று ஒரு வரி கண்ணில் பட்டதாம். மைனர் என்றது மெட்ராஸில் இருக்கும் பதினாறு வயதுப் பேரனை. ஆனால் தெருவில் வேறு மாதிரிப் பேச்சாகிவிட்டது. "உச்சவரம்புக்குத் தப்பிக்க நாய் பேருல அஞ்சு ஏக்கர் எழுதி வெச்சிருக்கா பாரு ஆச்சி!" நாய் வரப்பில் போனால், "பட்டாதாரர் வயல் பாக்க வர்றாரு" என்று வழி விடுவார்கள்.

தெற்குத்தெரு வேலைநிறுத்தம் ஆரம்பித்து ஐந்தாம் நாள், சம்பா கதிர் தலை சாய்ந்து கிடக்க, ஆச்சி வெளியூர் ஆட்களை டிராக்டரில் ஏற்றி வரச் சொன்னாள். தெரு முழுக்க வாய்க்கால் மதகடியில் வழியை மறித்துக்கொண்டு நின்றது. காளியம்மாளும் நின்றாள். அன்று மருந்தகத்துக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். ஆச்சி குடையோடு அந்தப் பக்கம் வந்தாள். நாயும் வந்தது. வீரையன் குரலை உயர்த்தினான், ஆச்சியும் உயர்த்தினாள், டிராக்டர்காரன் பயந்து பின்னால் எடுத்தான். அந்த நேரம் பார்த்து மைனர் குரைத்துக்கொண்டே டிரெய்லருக்குப் பின்னால் பாய்ந்தது.

அது கத்திய கத்தலில் கோஷம் நின்றுவிட்டது.

டிராக்டர்காரன் இறங்கி ஓடியே போய்விட்டான், வெளியூர் ஆட்களும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். மைனர் ரோட்டில் கிடந்து தன் பின்காலைத் தானே கடிக்கப் பார்த்தது. வலது தொடை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கிக் கிடந்தது. கிட்டே போன ஆச்சியின் கையையே கவ்வ வந்தது.

"யாரும் தொடாதீங்க" என்று காளியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து, பேசிக்கொண்டே மூஞ்சியைச் சுற்றிக் கட்டினாள். "ஆமாண்டா ராசா, வலிக்கும். உன்னை யாரு நியாயம் பேச வரச்சொன்னது? பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோமில்ல?" என்றவள் தலையைத் திருப்பி, "ஏங்க, அந்தப் பலகைய எடுங்க" என்றாள்.

பலகை என்றது, 'கூலி உயர்வு கொடு' என்று சிவப்பு மசியில் எழுதிக் கம்பில் அடித்திருந்த பலகையை. வீரையன் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவனே கம்பிலிருந்து அதைப் பிடுங்கிக் கொடுத்தான். நாயை அதில் கிடத்தி, ஆச்சியின் மேல்துண்டால் கட்டி, காளியம்மாள் ஒரு பக்கமும் வீரையன் மறுபக்கமும் பிடித்து மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஆச்சி பின்னாலேயே ஓடினாள். கூலி உயர்வும் கூடவே போயிற்று.

டாக்டர் தியாகராசனுக்கு வயது இருபத்தெட்டு. மெட்ராஸில் அறுவைச் சிகிச்சை மேல்படிப்பு முடித்து வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாசத்தில் அவர் பார்த்ததெல்லாம் கழிச்சலும் கோமாரியும் வயிறு உப்பிய ஆடும்தான். நாயின் தொடையைத் தடவிப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் காளியம்மாள் கவனித்தாள்.

"இதுக்கு மாவுக்கட்டு நிக்காது. தொடை எலும்பு பாருங்க, மேல சதை அதிகம். எலும்புக்குள்ள குழாய் மாதிரி ஓட்டை இருக்கும். அதுக்குள்ள எஃகுக் கம்பி செலுத்தி ரெண்டு துண்டையும் கோக்கணும். படிக்கும்போது ஏழு நாய்க்குப் பண்ணியிருக்கேன்."

"தனியாவா?" என்றாள் ஆச்சி.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "புரொபசர் கூட இருந்தாரு."

ஆச்சி காளியம்மாளைப் பார்த்தாள். காளியம்மாள், "நான் கூட இருக்கேன் ஆச்சி" என்றாள், தானும் ஒரு புரொபசர் மாதிரி.

முதலில் எக்ஸ்ரே வேண்டும். அது கூத்தாநல்லூரில் ஜெக்கரியா என்பவர் வைத்திருந்த கடையில்தான் இருந்தது, மனுஷர்களுக்கானது. ஆச்சியின் பழைய காரில் முன்னால் டிரைவரும் டாக்டரும், பின்னால் ஆச்சியும் காளியம்மாளும், இரண்டு பேர் மடியிலும் சேர்த்து நாய். பண்ணைக் காரில் காளியம்மாள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மெத்தை நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

ஜெக்கரியா நாயைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சரி கொண்டாங்க. நான் அப்புறம் எங்க மார்க்கத்துல சொன்னபடி மண்ணு போட்டு ஏழு தடவை கழுவிக்கிறேன். வாயில்லாத ஜீவன், வேற எங்க போகும்?" சீட்டு எழுத உட்கார்ந்தார். "பேரு?"

"மைனர்" என்றாள் ஆச்சி.

"வயசை அப்புறம் கேக்கிறேம்மா. இப்ப பேரைச் சொல்லுங்க."

"பேரே மைனர்தான்."

"வயசு?"

"நாலு."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டார் ஜெக்கரியா.

படத்தில் எலும்பு முறித்துப் போட்ட கரும்பு மாதிரி இரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. தூள் தூளாகவில்லை, அந்த மட்டும் நல்லது என்றார் டாக்டர். தஞ்சாவூரில் அவருக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவரிடமிருந்து, மனுஷர்களுக்குப் போடும் கம்பியே இரண்டு வாங்கி வந்தார். மறுநாள் மருந்தகத்து மேஜையைக் காளியம்மாள் மூன்று தடவை டெட்டால் போட்டுத் துடைத்தாள். கத்தி, இடுக்கி எல்லாம் கொதித்தன. கம்பியை வெட்டச் சரியான கருவி இல்லை. சைக்கிள் கடையிலிருந்து வாங்கி வந்த ரம்பம் ஒன்றும் கூடவே கொதித்தது.

முன்காலில் மயக்க ஊசி ஏறியதும் மைனர் அவள் கையில் துணிபோலத் துவண்டது. மயிரை மழித்த தொடை கோழித் தொடைபோல ரோஜா நிறத்தில் இருந்தது. ஆச்சியால் பார்க்க முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் தோலைக் கீறி, சதையை வெட்டாமல் விலக்கி, எலும்பின் முனையைக் கண்டுபிடித்தார். கம்பியை முறிந்த இடத்திலிருந்தே மேல் துண்டுக்குள் செலுத்தி, இடுப்புப் பக்கம் தோலுக்கு வெளியே எடுத்தார். அதுவரை சுளுவாகப் போயிற்று. அடுத்ததுதான் கஷ்டம். மேல் துண்டும் கீழ்த் துண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் கம்பியைத் திருப்பிக் கீழே இறக்க முடியும். தொடைச் சதையோ இறுகி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து வைத்திருந்தது.

"காளியம்மா, பாதத்தைப் பிடிச்சு இழுங்க. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. சீரா, விடாம."

அவள் இழுத்தாள். சேற்றில் காலூன்றி நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, தோள் முழுக்கப் பாரம் கொடுத்து, நிதானமாக. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை. "விட்டுக் குடுடா ராசா. ஆச்சி மாதிரியே புடிவாதம் புடிக்கிறியே."

"இன்னும் கொஞ்சம்" என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவள் பார்த்தாள்: மைனரின் விலா ஏறி இறங்கவில்லை. "சார், மூச்சு!"

டாக்டர் கை ரத்தமும் கருவியுமாக இருந்தது. காளியம்மாள் ஒரு கையால் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டே, மறு கையால் நாக்கை வெளியே இழுத்துப் போட்டு, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்கி விட்டாள், அமுக்கி விட்டாள். பிறந்து மூச்சு விடாத கன்றுகளுக்குச் செய்வதுதான். அன்று முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஐந்தாவது அமுக்கலில் நாய் ஒரு பெரிய மூச்சை இழுத்தது. பிறகு இன்னொன்று.

"இழுத்த காலை விடலியே?" என்றார் டாக்டர்.

"விடலை சார். நீங்க வேலையப் பாருங்க."

எலும்பு இரண்டும் 'டொக்' என்று சேர்ந்த சத்தம் அவள் உள்ளங்கைக்கே கேட்டது. கம்பி இறங்கியது. மிச்சத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். தையல் போட்டு முடித்து டாக்டர் நிமிர்ந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெளியே போய், "எட்டாவது நாய்" என்று ஆச்சியிடம் சொன்னார். ஆச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. காளியம்மாள் எட்டிப் பார்த்து, "உசிரோட இருக்கு ஆச்சி" என்று மொழிபெயர்த்தாள்.

அடுத்த சிக்கல், நாயை எங்கே வைப்பது. ஆறு வாரம் ஓடக் கூடாது, தாண்டக் கூடாது, படி ஏறக் கூடாது. தினம் புண்ணைத் துடைத்து மருந்து வைக்க வேண்டும். மருந்தகத்தில் வைத்துக்கொள்ள இடமில்லை. கார் டிரைவர் வெளியூர், சாயந்தரம் போய்விடுவான்; ஆச்சி வீட்டின் மற்ற வேலைக்காரர்கள் எல்லோரும் தெற்குத்தெரு, எல்லோரும் வேலைநிறுத்தம். ஆச்சிக்கோ மூட்டுவலி, குனிந்தால் நிமிர முடியாது. பண்ணை வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது வீரையன்.

"தீர்மானத்துல நாம அங்க போகக் கூடாதுன்னுதானே இருக்கு?" என்றாள் காளியம்மாள். "நாய் இங்க வரக் கூடாதுன்னு இல்லையே?"

"அடியே, நான் எப்படித் தெருவுல தலைகாட்டுறது? ஆச்சி நாயை மடியில வெச்சிக்கிட்டு ஆச்சி ஒழிகன்னு கத்தச் சொல்றியா?"

"கத்துங்க. யாரு வேணாம்னா? நாய் என் ஆபீஸ் சமாசாரம், நீங்க தலையிடாதீங்க."

அப்படி மைனர் தெற்குத்தெருவுக்குக் குடிவந்தது. குடிசையின் ஓரத்தில் மூங்கில் தட்டி வைத்து, திரும்பிப் படுக்க மட்டும் இடம் விட்டு, வைக்கோல் பரப்பி ஒரு அறை. முதல் இரண்டு நாள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "பட்டாதாரருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் வேம்புக் கிழவர் ஒரு அயிரை மீன் குழம்புச் சட்டியோடு வந்தார். "மீன் எலும்புக்கு நல்லது." டாக்டர் சொல்லாத வைத்தியமெல்லாம் அடுத்தடுத்து வந்தது. நண்டு வந்தது, முட்டை வந்தது, யாரோ முருங்கைக்கீரை கூடக் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தத்தில் அவர்கள் அடுப்பே அரைகுறையாக எரிந்த நாட்கள் அவை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஆச்சி தயிர்சாதத் தூக்கோடு தெருமுனைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, "மைனர்!" என்று கூப்பிட்டாள்.

நாய் தட்டியை முட்டிக்கொண்டு எழப் பார்த்தது. காளியம்மாள் அதன் மேல் கிட்டத்தட்டப் படுத்தே அமுக்கினாள். அங்கிருந்தே கத்தினாள்: "ஆச்சி, கூப்பிடாதீங்க! எழுந்து தாண்டுச்சுன்னா கம்பி வளைஞ்சிடும்! பாக்கணும்னா உள்ள வந்து பாருங்க!"

தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. ஆச்சி கல்யாணமாகி பூவனாங்குடிக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம். தெற்குத்தெருவுக்குள் கால் வைத்ததில்லை. தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு நடந்தாள். பதினெட்டு வீடு தாண்டித்தான் காளியம்மாள் வீடு. கோழி மட்டும் கத்தியது.

தாழ்ந்த கூரைக்குள் குனிந்து வந்தவள் மூட்டு வலித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைனர் அவள் புடவை, கை, மூக்கு என்று கிடைத்ததையெல்லாம் நக்கியது. ஆச்சி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி இருந்தா கொடு காளி" என்றாள். காளியம்மாள் செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தயங்கித்தான் நீட்டினாள். ஆச்சி வாய் வைத்தே குடித்தாள். குடித்துவிட்டுச் செம்பைப் பார்த்தாள், காளியம்மாளைப் பார்த்தாள். காளியம்மாள் நாய்க்குச் சோறு பிசைவதில் மும்முரமாக இருந்த மாதிரி இருந்துவிட்டாள். மறுநாளும் ஆச்சி பத்து மணிக்கு வந்தாள், தண்ணீர் கேட்டாள்.

வேலைநிறுத்தம் பதினாலாம் நாள் மன்னார்குடி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் வீரையனும் சங்கத்தாரும், அந்தப் பக்கம் ஆச்சியும் மற்ற நிலக்காரர்களும். கூலி நெல்லின் மரக்கால் கணக்கில் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டார்கள். "உங்க ஈவு இரக்கமெல்லாம் எங்களுக்குத் தெரியும்!" என்று வீரையன் மேஜையைத் தட்டினான். ஆச்சி பதிலுக்கு வாய் திறந்தவள், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "காலையில மாத்திரை கொடுத்தாளா?" என்றாள்.

"கொடுத்தாச்சு. சோறும் தின்னுடுச்சு" என்றான் வீரையன், அதே கோபக் குரலில்.

ஆர்.டி.ஓ. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுவில் மாத்திரையைப் பற்றி ஒன்றும் இல்லை. காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை, வீரையனும் சிரிக்கவில்லை. சாயந்தரம் ஒப்பந்தம் ஆயிற்று. சங்கம் கேட்டதைவிடக் குறைச்சல், நிலக்காரர்கள் சொன்னதைவிட அதிகம். நாயால்தான் முடிந்தது என்று தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். காளியம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "பதினாலு நாள் பட்டினி கிடந்தது நாங்க. பேரு நாய்க்கா?"

மறுநாளே அறுவடை தொடங்கியது. டாக்டரின் உத்தரவுப்படி மைனர் மட்டும் தெற்குத்தெருவிலேயே இருந்தது. தையல் பிரித்தாயிற்று. வீக்கம் வற்றியது. ஆனால் காலை ஊன்றவில்லை. வயிற்றோடு மடக்கியே வைத்திருந்தது. பதினெட்டு நாள், இருபது நாள். காளியம்மாள் தினம் அந்தக் காலை மெல்ல மடக்கி நீட்டி விடுவாள். "சதை சூம்பிடுச்சே சார்" என்று டாக்டரிடம் கேட்டபோது, "வரும், வரும்" என்றார். அவர் முகத்தில் வெளிச்சம் இல்லை. அவளும் அன்று நாயிடம் அதிகம் பேசவில்லை.

இருபத்தி மூன்றாம் நாள் வீரையன் வயலிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தான். நாய் வந்த நாளிலிருந்து அதைப் பார்க்காத மாதிரியே நடந்துகொண்டவன். தட்டிக்குள் மைனர் தண்ணீர்ச் சட்டியை எட்ட எழுந்தது. வலது பின்காலின் விரல்கள் வைக்கோலைத் தொட்டன. எடுத்தது. மறுபடி வைத்தது. இந்தத் தடவை பாதம் முழுக்க.

"ஊணிடுச்சு!" என்று வீரையன் போட்ட சத்தம் மதகு வரைக்கும் கேட்டது. "ஏய் காளி! ஊணிடுச்சுடி! எல்லாரும் வாங்கப்பா!" ஈரக்கையோடு ஓடிப்போய் வேம்புக் கிழவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கூட்டத்தைப் பார்த்த மைனர் பெருமையாகப் படுத்துக்கொண்டுவிட்டது. வீரையன் கெஞ்சியும் அன்று மறுபடி எழவில்லை.

பங்குனியில் ஜெக்கரியா இன்னொரு படம் எடுத்தார். முறிந்த இடத்தில் எலும்பு முடிச்சுப் போட்ட கயிறு மாதிரித் தடித்துக் கூடியிருந்தது. டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். இடுப்பில் சின்னதாகக் கீறிக் கம்பியை உருவி எடுப்பதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மைனர் அடுத்த நாளே தெருக்கோழிகளை விரட்டிப் பார்த்தது. வேகமாக ஓடும்போது மட்டும் ஒரு சின்ன தாளம் தப்பியது.

காளியம்மாளுக்கு அதற்குப் பிறகு மருந்தகத்தில் பதினெட்டு வருஷ வேலை இருந்தது. தியாகராசன் மாற்றலாகிப் போனார், வேறு நாலு டாக்டர்கள் வந்தார்கள். மூன்றாம் வருஷம் அவளை உதவியாளராக நிரந்தரமாக்கினார்கள். நீடாமங்கலத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும்கூட ஒடிந்த காலோடு நாய், ஆட்டுக்குட்டி, ஒரு தடவை மயில் என்று கொண்டுவந்தார்கள். புது டாக்டர்கள் தடுமாறினால், "சார், நான் சீரா இழுத்துக்கறேன், நீங்க அவசரப்படாம பண்ணுங்க" என்பாள். கத்தியைப் பிடித்த கை எதுவானாலும், காலைப் பிடித்த கை அவளுடையது.

மைனர் வீடு திரும்பிய நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆச்சி காரோடு வந்திருந்தாள். வீரையன், நடந்தால்தான் காலுக்கு நல்லது என்றான். இருவரும் காரின் கதவடியில் நின்று வாதாடிக்கொண்டிருக்க, மைனர் தானாகவே வரப்பில் இறங்கி, அந்தப் பழைய மிடுக்கு நடையோடு பண்ணை வீட்டுப் பக்கம் புறப்பட்டது. நெல் அறுத்த தாளுக்கிடையில் உளுந்து காய்த்து முற்றிக் கிடந்தது. ஆச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாயின் பின்னால் நடந்தாள். வீரையனும் நடந்தான்.

"உளுந்து பறிக்க நாளைக்கு எத்தனை பேர் வருவீங்க?" என்றாள் ஆச்சி.

"முதல்ல கூலியப் பேசுங்க ஆச்சி."

"அதான் தையிலயே பேசினோமே!"

"அது நெல்லுக்கு. இது உளுந்து!"

குரல்கள் ஏறிக்கொண்டே வயலுக்குள் போயின. காளியம்மாள் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மருந்தகத்தில் கன்று போட முடியாத எருமை ஒன்று காத்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.